தண்ணிக்கு எத்தனை கிலோ?

மே மாதம் பிறந்துவிட்டால் ஹட்டன், வட்டவளை, நோர்ட்டன் பக்கம் மழை விடாது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிக் கொட்டித் தீர்க்கும். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு மலையில் நிற்பார்கள். நிறுவை நேரம் வந்ததும் கூடைக் கொழுந்தைச் சாக்கில் அடைத்துத் தராசில் தொங்கவிட, முள் இருபதைக் காட்டும். புத்தகத்தில் ஏறுவது பதினேழு.

"தண்ணிக்கு மூணு" என்பார் கணக்கப்பிள்ளை.

"நேத்தும் இதே மழைதானேங்க ஐயா, ரெண்டுதானே கழிச்சீங்க?"

இந்தக் கேள்வி மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகிறது. முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழ ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு உண்டு. பதினெட்டுக் கிலோ கேட்கும் தோட்டத்தில் பதினேழு ஏறினால் முழுப்பேர் போய்விடும். ஆகவே அந்த மூன்று கிலோ, ஒரு நாள் கூலியைத் தீர்மானிக்கும் எண்.

நனைந்த கொழுந்தில் மழைத்தண்ணீர் இருப்பது உண்மை. அதைக் கழிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது மூன்று கிலோ என்று எப்படித் தெரியும்? இரண்டரையாக இருக்கக்கூடாதா? ஒன்றரையாக? ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் பகுப்பாய்வு இரசாயனவியல். அதன் அடிப்படைக் கருத்துகள் பலவற்றை இந்த ஒரு நனைந்த சாக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

இரண்டு வகைத் தண்ணீர்

முதல் வேலை, எதைத் தேடுகிறோம் என்று சரியாகச் சொல்வது. கேட்க எளிதாக இருக்கும். பாதிச் சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

வெயில் நாளில் பறித்த கொழுந்திலும் நிறையத் தண்ணீர் இருக்கிறது. பச்சைக் கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அது இலையின் சொந்தத் தண்ணீர்; வேர் உறிஞ்சி, தண்டு ஏற்றி, இலையின் உயிரணுக்களில் தங்கியிருப்பது. பறித்தவருக்கு அதற்கும் சேர்த்தே கூலி வருகிறது. மழை நாளில் இலையின் மேற்பரப்பிலும், மொட்டின் மடிப்பிலும், இலைக்கும் இலைக்கும் நடுவிலும் இன்னொரு தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. கழிக்க வேண்டியது இதை மட்டும்தான்.

நாம் அளக்க விரும்பும் பொருளைப் பகுபொருள் என்போம். அதைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாம் சூழ்பொருள். இங்கே பகுபொருள் மேல்நீர். இலையும் அதன் உள்நீரும் சூழ்பொருள். பகுபொருளும் சூழ்பொருளின் பெரும்பகுதியும் ஒரே பொருளாக, வெறும் தண்ணீராக இருப்பதுதான் இந்தக் கணக்கின் சிக்கல். மேலே இருந்த தண்ணீர் எது, உள்ளே இருந்த தண்ணீர் எது என்று எந்த அடுப்பும் பிரித்துச் சொல்லாது. "கொழுந்தில் எவ்வளவு தண்ணீர்?" என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்தாலும், "எவ்வளவு மழை?" என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

வெறும் சாக்கு

அடுத்து தராசு. அதில் தொங்குவது கொழுந்து மட்டுமல்ல, சாக்கும் சேர்ந்துதான். வெறும் சாக்கின் எடையைக் கழிப்பது எல்லோரும் அறிந்தது. எந்தச் சாக்கின் எடையை? காலையில் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், காய்ந்து கிடந்த சாக்கின் எடையைக் கழித்தால், நனைந்த சாக்கு குடித்த தண்ணீரும் கொழுந்தின் கணக்கில் சேரும். பிறகு அதை ஈடுகட்ட ஒரு கிலோ கூடுதலாகக் கழிப்பார்கள். ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடுவது.

ஆய்வுகூடத்தில் இதற்கு ஒரு கண்டிப்பான வழக்கம் இருக்கிறது. பகுபொருள் இல்லாமல், மற்ற எல்லாவற்றையும் அதே செய்முறைக்கு உட்படுத்தி ஒருமுறை அளப்பார்கள். இது வெற்றுச்சோதனை. பாத்திரம், கரைப்பான், வடிதாள் எல்லாவற்றிலிருந்தும் எவ்வளவு பொய் எண் வருகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். நம்முடைய வெற்றுச்சோதனை, அதே மழையில் அதே நேரம் கிடந்த ஒரு வெறும் சாக்கு. அதை நிறுத்து அந்த எடையைக் கழிக்க வேண்டும்.

தராசே சரியானதா என்பது இன்னொரு கேள்வி. ஒரே சாக்கை மூன்று தடவை தொங்கவிட்டு மூன்று தடவையும் 20.5 என்றே காட்டினால் தராசு நல்ல தராசு என்று தோன்றும். உண்மை எடை 20 ஆக இருந்தால்? திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே எண் வருவது திட்பம். வரும் எண் உண்மைக்கு அருகில் இருப்பது செம்மை. திட்பம் இருப்பதாலேயே செம்மை வந்துவிடாது. முள் எப்போதும் அரைக் கிலோ தள்ளி நிற்கும் தராசு, மிகுந்த திட்பத்தோடு தவறான எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

செம்மையைச் சோதிக்க ஒரே வழி, எடை ஏற்கெனவே தெரிந்த படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பது. தெரிந்த ஒன்றை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதற்கு அளவுதிருத்தம் என்று பெயர். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும்போது செய்வது இந்த வேலையைத்தான். மலையில் தொங்கும் தராசுக்கும் கொழும்பு ஆய்வுகூடத்தில் பல கோடி பெறுமதியான கருவிக்கும் இந்த விதி ஒன்றே.

எந்தப் பிடிக் கொழுந்து?

சாக்கு முழுவதையும் உலர்த்திப் பார்க்க முடியாது. பார்த்தால் தேயிலை ஆக்குவதற்குக் கொழுந்து மிஞ்சாது. ஒரு சிறு பங்கை எடுத்துச் சோதித்து, அதிலிருந்து முழுமைக்கும் முடிவு சொல்ல வேண்டும். அந்தச் சிறு பங்குதான் மாதிரி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கொதிக்கும் பானையில் அரிசி புரண்டுகொண்டே இருப்பதால் அந்தப் பழமொழி பலிக்கிறது. சாக்கில் அப்படி இல்லை. தண்ணீர் கீழே வடிகிறது. மேலே இருந்து ஒரு பிடி எடுத்தால் ஓரளவு வடிந்த கொழுந்து கைக்கு வரும். அடியில் இருந்து எடுத்தால் சொட்டச் சொட்ட வரும். கணக்கப்பிள்ளை அடியில் கைவிட்டால் கழிவு கூடும், பறித்தவர் மேலே கைவிட்டால் குறையும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மாதிரிதான் பொய் சொல்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பழைய, எளிய வழி கால்பங்கு முறை. சாக்கைத் தார்ப்பாயில் கொட்டி, நன்றாகக் கிளறி, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரிக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பங்குகளை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைச் சேர்த்துக் கிளறி மறுபடி நான்கு. கையளவுக்குக் குறையும்வரை இப்படியே போகலாம். எந்தக் கொழுந்து மிஞ்ச வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதுதான் இந்த முறையின் பலம். ஆக்கிய தேயிலைக்கும் இதே கவலை உண்டு. பெட்டியை அசைக்க அசைக்கத் தூள் அடியில் இறங்கிவிடும். அதனால் தேயிலையில் மாதிரி எடுப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 1839 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது.

என் அனுபவத்தில், பகுப்பாய்வில் நடக்கும் பெரிய தவறுகள் கருவியில் நடப்பதில்லை. கருவிக்கு முன்னால், மாதிரி எடுக்கும் கையில் நடக்கின்றன. விலை உயர்ந்த இயந்திரம் தவறான மாதிரிக்கும் மூன்று தசமத்தானத்துக்கு விடை தரும்.

நூற்று மூன்று பாகையில்

மாதிரி கைக்கு வந்தாயிற்று. இனி அதை உலர்த்த வேண்டும். தேயிலையின் ஈரத்தை அளக்க உலகம் முழுவதும் கையாளும் முறை சிக்கலானதல்ல. சிறு மூடியுள்ள கிண்ணத்தை முதலில் வெறுமையாக நிறுக்கிறார்கள். சில கிராம் தேயிலையை இட்டு மறுபடி நிறுக்கிறார்கள். 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மணிக்கணக்காக அடுப்பில் வைத்து, எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கண்ணாடிக் கலத்தில் ஆறவிட்டு நிறுக்கிறார்கள். ஆறாமல் நிறுத்தால் கிண்ணத்தைச் சுற்றி எழும் சூடான காற்றால் எடை தவறும். வெளியில் ஆறவிட்டால் காய்ந்த தேயிலை காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு இன்னொரு மணி நேரம் அடுப்பு, மறுபடி தராசு. இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை இது தொடரும். எடை குறைவது நின்றால்தான் தண்ணீர் போய்விட்டது என்று பொருள்.

"கொதிக்கும் சூட்டில்" என்று எழுதாமல் 103 என்று எண்ணால் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் கொதிக்கும் சூடும் நுவரெலியாவில் கொதிக்கும் சூடும் வேறு. ஒரு முறையை எந்த ஊரில் யார் செய்தாலும் ஒரே விடை வர வேண்டுமானால், செய்முறையின் ஒவ்வொரு சொல்லும் எண்ணாக மாற வேண்டும்.

ஆனாலும் அடுப்புக்கு ஒரு குறை உண்டு. சூட்டில் தண்ணீரோடு வாசனைப் பொருள்களும் கொஞ்சம் ஆவியாகிப் போகின்றன. தராசுக்குத் தெரிந்தது எடை குறைந்தது மட்டும். போனது நீரா வாசனையா என்று அதற்குத் தெரியாது. பல பொருள்களுக்கு நடுவில் தேடிய ஒன்றை மட்டும் கண்டுகொள்ளும் ஆற்றலைத் தெரிவுத்திறன் என்கிறோம். அடுப்பின் தெரிவுத்திறன் குறைவு. 1935இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர், அயடீனும் கந்தக ஈரொட்சைட்டும் சேர்ந்த ஒரு கரைசலைக் கொண்டு தண்ணீரை மட்டும் தேடிப் பிடித்து அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் தெரிவுத்திறன் மிக உயர்வு. நம்முடைய கேள்விக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். எண்பது சதவீதத் தண்ணீரை அளக்கும் இடத்தில் வாசனை போன கணக்கு ஒரு பொருட்டல்ல, அடுப்பே போதும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது நம் சாக்குக்கு வருவோம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

நனைந்த சாக்கைக் கழித்தபின் கொழுந்தின் எடை 20 கிலோ. கால்பங்கு முறையில் எடுத்த மாதிரியை அடுப்பில் உலர்த்தினோம். நூறு கிராமில் 20 கிராம் உலர்பொருள் மிஞ்சியது. அப்படியானால் சாக்கு முழுவதிலும் உலர்பொருள் நான்கு கிலோ.

மழை இலையின் உலர்பொருளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த நான்கு கிலோ, நனைவதற்கு முன்னும் நான்கு கிலோதான். இந்தப் பிடி கிடைத்தால் மற்றது எளிது. அதே மலையில், மேல்நீர் இல்லாமல் பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 22 பங்கு உலர்பொருள் என்று முன்பே அளந்து வைத்திருக்கிறோம் என்போம். நான்கு கிலோ உலர்பொருள் எத்தனை கிலோ நல்ல கொழுந்தில் இருக்கும்? 18.2 கிலோவில். ஆகவே மழைத்தண்ணீர் 1.8 கிலோ. கழிவு மூன்றல்ல, இரண்டுக்கும் சற்றுக் குறைவு.

இங்கே நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் அந்த 22ஐ எவ்வளவு நம்பலாம்? இளம் கொழுந்தில் தண்ணீர் கூடுதல், முற்றிய இலையில் குறைவு. மண், பருவம், செடியின் இனம் எல்லாம் சேர்ந்து இந்த எண்ணை மாற்றும். அது 23 ஆக இருந்தால் மழைத்தண்ணீர் 2.6 கிலோவாகிறது. 21 ஆக இருந்தால் ஒரு கிலோகூட இல்லை. அடிப்படை எண்ணில் ஒரே ஒரு சதவீதம் அசைந்தால், விடை ஒரு கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் இடையே ஊசலாடுகிறது. பெரிய இரண்டு எண்களின் வித்தியாசமாகச் சிறிய ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது எப்போதும் நேரும் ஆபத்து இது. பகுப்பாய்வாளர் விடையோடு பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்வது இதனால்தான். "1.8 கிலோ; கூடக்குறைய 0.8" என்பதுதான் நேர்மையான விடை.

பிழையைக் குறைக்க வேறு வழி தேடலாம். கொழுந்தில் அரைக் கிலோவை நிறுத்து, உறிஞ்சும் தாளில் ஒற்றி எடுத்தோ வலைக்கூடையில் சுழற்றியோ மேல்நீரை மட்டும் நீக்கி மறுபடி நிறுக்கலாம். இலையின் உள்நீரைத் தொடாமல் பகுபொருளை நேராகப் பிடிக்கும் வழி இது. மடிப்புகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும்தான். ஐந்தாறு மாதிரிகளில் செய்து பார்த்தால் அது எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். இதற்கு அடுப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு சிறிய தராசும் பொறுமையும் போதும், மடுவத்திலேயே செய்யலாம்.

நூறு தொன்னில் ஒரு கிராம்

இவ்வளவு நுணுக்கம் ஒரு சாக்குக் கொழுந்துக்குத் தேவையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதே கொழுந்து தேயிலையாகிக் கப்பல் ஏறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

2015இல் இலங்கை அரசு கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் களைக்கு வேறு மருந்துகளை நாடினார்கள். அவற்றில் ஒன்று எம்சிபிஏ. அதன் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் கண்டுபிடித்தது. அங்கே தனியாக எல்லை வகுக்கப்படாத மருந்துகளுக்குப் பொதுவான எல்லை, ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம். நூறு தொன் தேயிலையில் ஒரு கிராம் மருந்து.

அவ்வளவு சிறிய அளவைப் பிடிக்கும்போது சூழ்பொருள் பெரும் தொல்லையாகிவிடுகிறது. தேயிலையில் கஃபீன், பொலிபீனோல்கள், பச்சையம் என்று குவியலாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே மறைந்திருக்கும் மருந்தைத் தனியாக்க, கரைசலை ஒரு நீண்ட மெல்லிய குழாயினூடே செலுத்திப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். இது நிறப்பிரிகை. 1900களின் தொடக்கத்தில் ருஷ்ய தாவரவியலாளர் மிகைல் ஸ்வெத் இலையின் நிறங்களைப் பிரித்துப் பார்க்கப்போய்ப் பிறந்த முறை. பிரித்த பிறகும் ஆய்வாளர் சும்மா இருப்பதில்லை. மருந்தே இல்லாத தேயிலையில் தெரிந்த அளவு மருந்தைத் தானே கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பார். இதற்கு மீட்சி என்று பெயர். நூறு பங்கு போட்டு அறுபது பங்குதான் திரும்பி வந்தால், தன் முறை எங்கோ ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு நல்ல முறையானாலும் அதற்குக் கீழே எதையும் காண முடியாத ஓர் அளவு உண்டு. அதைக் காணும் எல்லை என்போம். அறிக்கையில் "காணப்படவில்லை" என்று இருந்தால் அந்த எல்லைக்கு மேலே இல்லை என்று மட்டுமே பொருள். அடியோடு இல்லை என்று பொருளல்ல. ஒரு பொருளில் எந்த நஞ்சும் இல்லவே இல்லை என்று எந்த ஆய்வுகூடத்தாலும் எழுதிக்கொடுக்க முடியாது.

ஜப்பானில் தேநீர் குடிப்பவருக்காக நூறு தொன்னில் ஒரு கிராமை அளக்கிறார்கள். அளக்கத்தான் வேண்டும். அதே தேயிலையைப் பறித்தவருக்கு இருபது கிலோவில் மூன்று கிலோவைக் கண்மதிப்பில் கழிப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் இல்லாததால் நடப்பதல்ல இது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவிலேயே இருக்கிறது.

தேயிலையே சாட்சி

ஒவ்வொரு சாக்கையும் சோதிக்க முடியாவிட்டாலும், கழிவு நியாயமானதா என்று பின்னால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அது தோட்டத்தின் புத்தகத்திலேயே இருக்கிறது.

எத்தனை கிலோ கொழுந்து போய் எத்தனை கிலோ தேயிலை வந்தது என்ற கணக்கை ஒவ்வொரு ஸ்டோரும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையும், வைத்திருக்கும். பொதுவாக நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை, அதாவது நூற்றுக்கு 21, 22. இதுவும் உலர்பொருள் கணக்குத்தான். ஸ்டோர் முழுவதையும் ஒரு பெரிய அடுப்பாகவும், அன்றைய கொழுந்து முழுவதையும் ஒரே மாதிரியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு தோட்டத்தில் மழையில்லா நாட்களில் இந்த வீதம் 21.5 என்று வைப்போம். மழை நாளில் தராசு காட்டியது 10,000 கிலோ. தண்ணீருக்கு 2,000 கழித்துப் புத்தகத்தில் ஏறியது 8,000. ஆக்கிய தேயிலை 1,870 கிலோ. எண்ணாயிரத்தில் 1,870 என்றால் வீதம் 23.4. கொழுந்து திடீரென்று அவ்வளவு தேயிலை தராது. 1,870 கிலோ தேயிலை வர ஏறத்தாழ 8,700 கிலோ கொழுந்து வேண்டும். 700 கிலோ கொழுந்து தேயிலையாகியிருக்கிறது. யார் பேரிலும் ஏறவில்லை.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. முதல்நாள் கொழுந்து மறுநாள் அரைபடும், வெளியாரிடம் வாங்கிய கொழுந்தும் கலக்கும். மாதக் கணக்காகப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் அடங்கிவிடும். மழைக்காலக் கொழுந்தில் உள்நீரும் கூடுதலாகவே இருக்கும் என்பதால், அந்த மாதங்களில் வீதம் சற்று இறங்குவதுதான் இயல்பு. இறங்க வேண்டிய இடத்தில் ஏறினால், கழித்தது கூடிப்போயிற்று என்று பொருள்.

ஆகவே, தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கும் மலையகப் பாடசாலைகளில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று கேட்கிறேன். மழை மாதங்களில் கழித்த கிலோவையும், அந்த மாதங்களின் தேயிலை வீதத்தையும், வெயில் மாதங்களின் வீதத்தையும் தோட்டத்திடம் கேட்டு வாங்குங்கள். மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நனைந்த சாக்கு ஒன்றை நிறுத்துப் பாருங்கள். பிறகு பேசப் போங்கள்.